மன்னிப்புக் கேட்காத மனு

வரிசை நகராது. நகர்ந்து வருவது அவர்தான். வெள்ளைச் சட்டைக் கைதிகள் சுவரோரமாக நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சூப்ரண்டு ஐயா ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்று, பார்த்து, கேட்டு, அடுத்தவனிடம் வருவார். வாரத்துக்கு ஒரு காலை இப்படி. ஜெயிலுக்குள்ளே இதற்கு ஃபைல் என்று பேர். குறை இருக்கிறவன் கையில் மனுவோடு நிற்கலாம், இல்லாதவன் சும்மா நிற்கலாம், சும்மா நிற்பதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அவர் அந்தக் கோடியில், சமையல் கொட்டகைப் பக்கம் இருக்கிறார். சேர்மத்துரை இந்தக் கோடிப் பக்கம். நடுவில் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். எண்ணினால் குறைந்துகொண்டே வரும். இடுப்பில், டிரவுசர் மடிப்புக்குள், இரண்டு தாள். ஒன்று கொடுக்க, ஒன்று கையெழுத்து வாங்கிக்கொள்ள. வேர்வையில் அது தோலோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் லேசாக இழுத்தது, உள்ளே ஒரு ஆள் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு இருக்கிற மாதிரி. இப்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மனு இருக்கிறவன் இடது உள்ளங்கையில் விரித்து, வலது கையை மார்போடு கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் இப்போதே எடுத்தால் சீஃப் பார்த்துவிடுவார். சூப்ரண்டுக்கு ஒரு முழம் பின்னால், கையைப் பின்னே கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றுமே இல்லாமல் வருகிற தங்கப்பழம், காவலர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற சீஃப் வார்டர் தங்கப்பழம், இங்கிருந்து பார்த்தால் கோயிலுக்கு வந்த ஆள் மாதிரி இருக்கிறார். பார்த்தால் நடந்து வந்து, என்னலே அது, கொடு பார்ப்போம் என்பார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா. முடியாது. எந்த ஆளைப் பற்றி எழுதியிருக்கிறதோ அந்த ஆள் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் கடைசியில் எடுக்கலாம். ஐயா பக்கத்து ஆளிடம் வந்ததும். பக்கத்து ஆள் பெரியவர் காசிலிங்கம். அவர் ஏற்கெனவே தன் மனுவை விரித்து வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“ஏ சேர்மம், இதுல கண்ணாடின்னுதானே எழுதிருக்கு?” என்றார் காசிலிங்கம், உதடு அசையாமல். உள்ளே வெகுகாலம் இருந்தவர்களுக்கு அந்த வித்தை வரும். “கண்ணாடின்னுதான் எழுதிருக்கு” என்றான். “போன தடவ போர்வைன்னு எழுதிக் குடுத்துட்டான் ஞானமுத்து. அவன் ஒரு நெனப்புல எழுதிட்டான். நான் கண்ணாடி கேட்டா போர்வை வருது. போர்வையப் போட்டுக்கிட்டா கண்ணு தெரியுமா?” சிரிப்பு வந்தது, வந்தது பாதியில் நின்றது. யூனுஸ் இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு வரிசையிலேயே சத்தம் போட்டுச் சிரித்திருப்பான். அவன் சிரித்தால் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். கல்யாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் மைக்செட் போடுகிறவன், தொண்டையும் அந்த மாதிரி. ஒரு ஆள் பேசுகிறதை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசுவான். அதுதான் வினையாகப் போனது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது சீஃப் ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அந்த இருமல். அதற்குப் பிறகு மூக்கால் இழுக்கிற அந்த இழுப்பு. ஒருநாள் சீஃப் வருவதற்கு முன்னாலேயே இவன் இருமிவிட்டு, இழுத்துவிட்டு, “எல்லாவனும் உக்காரு” என்றான், மொத்தப் பிளாக்கும் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சீஃப் நிற்கிறார். நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் சிரித்தார். அதுதான் இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. நல்லாத்தாம்லே இருக்கு, இன்னொரு தடவ செய்யி, என்றார். இவன் செய்தான். கொடுமை அதுதான், இன்னொரு தடவை செய்தான்.

இங்கிருந்து ஒரு கல்லை எறிந்தால் தனிக்கொட்டடியின் ஓட்டில் விழும். அவ்வளவு பக்கம். அந்த ஓடு, அதற்கு மேலே ஒரு காக்கை, அதற்குக் கீழே யூனுஸ். இருக்கிறானா. இருக்கிறான் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். நலமாக இருக்கிறான், சக கைதியோடு கைகலப்பில் லேசான காயம், அவனுடைய பாதுகாப்புக்காகத் தனியாக வைத்திருக்கிறோம் என்று. அவன் உம்மா போட்டது ஆட்கொணர்வு மனு. ஆளைக் கொண்டுவந்து கண்ணில் காட்டுங்கள் என்று கேட்கிற மனு. சேர்மத்துரைக்கு அந்தப் பேரே முதலில் புரியவில்லை. காணாமல் போனவனைத்தானே கொண்டுவரச் சொல்ல வேண்டும், இவன் ஜெயிலுக்குள்ளேதானே இருக்கிறான், அரசாங்கமே பூட்டி வைத்திருக்கிற ஆளை அரசாங்கத்திடமே எங்கே என்று கேட்பதா. ஆனால் யோசிக்க யோசிக்க அதுதான் சரியான பேர் என்று பட்டது. இருக்கிற இடம் எல்லோருக்கும் தெரிகிறது, ஆள்தான் இல்லை. அந்தம்மா மனுப் பார்க்க, அதாவது கம்பிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துப் பேச, வரும்போதெல்லாம், உங்க பிள்ளைக்குத் தண்டனையில பேட்டி கட், போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கருப்புத் துப்பட்டியோடு வெளிக் கேட்டில் அவள் நின்றதை அன்னத்தாய் பார்த்திருக்கிறாள். அன்னத்தாய் இவன் பெண்சாதி. அவள்தான் சொன்னாள், “அந்தம்மா அழக்கூட இல்ல. சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அதப் பாக்க முடியல.” சொல்லிவிட்டு உடனே கம்பிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, “ஆனா நீங்க அதுல ஒண்ணும் தலையக் குடுக்காதிய. வாயப் பொத்திக்கிட்டு வெளிய வந்து சேருங்க. அது போதும்.” முன்விடுதலைக்கு இவன் பேர் போயிருக்கிறது. நன்னடத்தை என்று சூப்ரண்டு ஐயா ஒரு கையெழுத்துப் போட்டால் மேலே போகும், மேலே போனால் வெளியே போகலாம். அந்தக் கையெழுத்துப் போடுகிற கைதான் இதோ வருகிறது. காசிலிங்கத்துக்குக் கண்ணாடி கொடுக்கப்போகிற அதே கை. சேர்மத்துரையிடமிருந்து தாளை வாங்கப்போகிற அதே கை.

அவன் பார்த்தான். அதுதான் விஷயம். அவன் மட்டும்தான் பார்த்தான். சமையல் கொட்டகையில் வேலை, காலையில் தனிக்கொட்டடிக்குக் கஞ்சி கொண்டுபோவது அவன்தான். கதவு திறந்திருந்தது, திறந்திருக்கக் கூடாது. யூனுஸ் தரையில் குப்புறக் கிடந்தான், ரெண்டு காவலர்கள் அவன் முழங்கால் மேல் உட்கார்ந்திருந்தார்கள், சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. உள்ளங்கால். சீஃப் கையில் பிரம்பு இல்லை, ரப்பர் பெல்ட்டு, மாவு மில்லில் ஓடுமே அந்தப் பெல்ட்டு. ஓங்குகிற சத்தம் இல்லை, விழுகிற சத்தம்தான். “இருமுலே. இப்ப இருமு” என்றார். யூனுஸ் இருமினான். அழுகைக்கு நடுவிலும் அது சீஃபின் இருமல் மாதிரியே இருந்தது, வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்கு அப்படித்தான் வரும். அப்போது சீஃப் திரும்பி இவனைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. “கஞ்சிய வச்சிட்டுப் போ” என்றார். சேர்மத்துரை கஞ்சியை வைத்தான். வைக்கும்போது தட்டு சாய்ந்துவிடக் கூடாது என்று பார்த்து வைத்தான். பார்த்து, நிதானமாக, ரெண்டு கையாலும். பிறகு போனான். அதைத்தான் விட முடியவில்லை. அடித்ததுகூட இல்லை, உள்ளங்கால் வெடித்திருந்ததுகூட இல்லை, தட்டு சாயாமல் வைத்தானே, அது. உப்பு லாரி ஓட்டுகிற காலத்தில் எதிரே ஒரு வண்டி புரண்டு கிடந்தது, ஓரமாக ஒடித்து, தன் தார்ப்பாய் கிழியாமல் போய்விட்டான். அன்றைக்கு அதைக் கெட்டிக்காரத்தனம் என்றார்கள் கூட்டாளிகள். கஞ்சி வைத்துவிட்டு வந்த மறுநாளே அந்த வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. புது ஆள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறான். தட்டு காலியாகத் திரும்பி வருகிறது என்று சொல்கிறான். தட்டு காலியானால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தமா. பூனைகூடக் குடிக்கும். காவலர் கீழேகூடக் கொட்டலாம். வேண்டாம். அதை நினைக்க வேண்டாம்.

“உனக்கு என்ன குறை?” சூப்ரண்டு ஐயாவின் குரல் இப்போது காற்றில் வந்தது. மெதுவான குரல், படித்த குரல். யாரோ பல்வலி என்றான். “மாத்திரை குடுக்கலையா?” குடுத்தாங்கய்யா, நிக்கலைய்யா. “எழுதிக்கங்க.” எழுதிக்கொள்கிறவர் ஞானமுத்து. அவரும் தண்டனைக் கைதிதான், வெளியே பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவர், உள்ளே எல்லோருக்கும் மனு எழுதுகிறவர். விடுப்பு மனுவா, ஞானமுத்து. கொசுவலை மனுவா, ஞானமுத்து. எந்த மனுவானாலும் அவர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார், ஒரே மாதிரிதான் முடிப்பார். ‘நான் செய்த தவறை முழுமையாக உணர்ந்து திருந்தி வாழ்ந்து வருகிறேன். சமூகம் அவர்கள் என்னை மன்னித்து, இனி இதுபோல் நடவாது என்ற என் உறுதியை ஏற்று’ என்று போகும் அது. அப்படி எழுதினால்தான் மேலே இருக்கிறவர்களுக்கு மனசு இரங்கும், அப்படி எழுதாத மனு திமிர் பிடித்த மனு. சொறிக்கு மருந்து கேட்டு ஒருவன் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு யூனுஸ் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணாச்சி, சொறி வந்ததுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கான் பாத்தீயளா. இனிமே எனக்குச் சொறி வராதுன்னு உறுதி வேற குடுத்திருக்கான்!” சேர்மத்துரையும் சிரித்தான். சிரித்தவன்தான், கஞ்சி வைத்து வந்த ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, மறுநாள் ஞானமுத்துவிடம் போய் உட்கார்ந்து சொன்னான். இப்படி இப்படிப் பார்த்தேன், யூனுசைக் காப்பாத்தணும், எழுதுங்க. ஞானமுத்து எழுதினார். சுற்றிச் சுற்றி எழுதினார், சீஃப் பேரை எழுதவில்லை, ‘கைதி யூனுஸ் தாக்கப்பட்டது தொடர்பாக’ என்று எழுதினார். கடைசியில் கை தானாகப் போய் அந்த வரிகளை எழுதியது. சேர்மத்துரை கடைசிப் பாராவைப் படிக்கவே இல்லை. அதை எதற்குப் படிக்க வேண்டும், அதுதான் மனப்பாடமாயிற்றே. கையெழுத்துப் போட்டு, அவர் கையிலேயே ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினான்.

வக்கீலம்மா வந்து அந்த நகலைக் காட்டினபோதுதான் தெரிந்தது. இலவச சட்ட உதவியில் வருகிற பொண்ணு, மெர்லின் என்று பேர், யூனுஸ் உம்மாவுக்கும் அதுதான் வக்கீல். இன்டர்வியூ அறையில் குரலைத் தாழ்த்திப் படித்துக் காட்டியது. கைதி யூனுஸ் தாக்கப்பட்டது தொடர்பாக, நான் செய்த தவறை முழுமையாக உணர்ந்து. சமூகம் அவர்கள் என்னை மன்னித்து. இனி இதுபோல் நடவாது. கீழே சேர்மத்துரை. “அண்ணே, இத கோர்ட்ல வச்சுட்டாங்க. நீங்கதான் அவர அடிச்சீங்கன்னு. நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னு.” அவனுக்குக் காது அடைத்தது. நானா. நான் அடித்தேனா. அவன் கையால் அடிபட்டுச் செத்த ஒரு ஆள் உண்டு, சொந்தச் சித்தப்பன் மகன் ராசமணி, பம்புசெட்டில் தண்ணி முறைச் சண்டையில் வீல் ஸ்பேனரால் ஒரே அடி, அதற்குத்தான் இங்கே இருக்கிறான், அதற்காக எழுதின மன்னிப்பு எத்தனையோ தாளில் எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. ராசமணி பெண்சாதிக்கு மட்டும் போனதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் கேட்கக் கூடாத இடத்தில் எல்லாம் கேட்டாச்சு. வக்கீலம்மா சொல்லிக்கொண்டே போனது. “கோர்ட்டு ஒண்ணுதான் கேக்குது. உள்ள ஒரு கைதிகூடப் புகார் குடுக்கலையே, அதிகாரிகிட்ட சொல்லிப் பாத்தீங்களா, பாத்து முடியாதுன்னு சொல்லிட்டாங்களா, அதுக்கப்புறம் இங்க வாங்கன்னு.” அதிகாரிகிட்ட சொல்ல வேண்டியதே அதிகாரியப் பத்தித்தானேம்மா என்றான். அந்தப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டது. “ஆமாண்ணே. ஆனா அந்த வாசல்ல போய்த் தட்டி, திறக்கல்லன்னு காட்டினாத்தான் இந்த வாசல் திறக்கும். அடுத்த தடவையும் வெறுங்கையோட போய் நின்னா மனுவ முடிச்சிருவாங்க. முடிச்சிட்டா அப்புறம் யூனுஸ யாரும் கேக்க மாட்டாங்க.” இன்னொன்றும் சொன்னது. யார் கையிலும் கொடுக்காதீங்க. ஃபைல்ல, எல்லாரும் பாக்க, சூப்ரண்டு கையில. நகல்ல கையெழுத்து. உங்க வார்த்தையில எழுதுங்க. மன்னிப்பு மட்டும் வேண்டாம்ணே. நாளைக்கு விசாரணை, இன்றைக்கு மத்தியானம் வக்கீலம்மா திரும்ப வரும். இந்த ஃபைலை விட்டால் இல்லை.

உங்க வார்த்தையில என்று சுலபமாகச் சொல்லிவிட்டது. உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும். ஐயா, நான் கஞ்சி கொண்டுபோனேன் என்று ஆரம்பித்தான். பார்த்ததை எழுதினான். சீஃப் தங்கப்பழம் என்று எழுதும்போது பேனா நின்றது, ஐயா அவர்கள் என்று சேர்க்க வேண்டுமா என்று யோசித்தான், சேர்த்தான், பிறகு அடித்தான், பிறகு சேர்த்தான். தங்கப்பழம் ஐயா அவர்கள் ரப்பர் பெல்ட்டால் அடித்தார்கள். மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் எப்படி முடிப்பது. எழுதி முடித்து ஒரு ஓரத்தில் வைக்கப் பார்த்தால் கை தானாக அடுத்த வரிக்குப் போகிறது, மன்னி என்று எழுதிவிட்டது. அடித்தான். புதுத் தாள் எடுத்தான். அதிலும் அங்கே வந்ததும் கை துடித்தது. மலை இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது கியர் நியூட்ரலுக்கு நழுவிவிட்டால் ஒரு பயம் வருமே, வண்டி தன் போக்கில் போகுமே, அப்படி. இத்தனை வருசத்தில் மன்னிப்புக் கேட்காமல் ஒரு தாளை முடித்ததே இல்லை. கேட்காமல் முடித்தால் அந்த இடத்தில் என்ன இருக்கும். ஒன்றும் இருக்காது, வெள்ளையாக இருக்கும், அந்த வெள்ளையைப் பார்க்கிறவருக்குக் கோபம் வரும். கடைசியில் ‘இவ்வளவுதான் ஐயா நான் பார்த்தது’ என்று எழுதி முடித்தான். முடித்துவிட்டு, தெரு நடுவில் துணியில்லாமல் நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கொடுக்காமல் விட்டால் என்ன. இப்போதும் நேரம் இருக்கிறது. இடுப்பிலிருந்து எடுக்காமல் சும்மா நின்றால் ஐயா தாண்டிப் போய்விடுவார். அன்னத்தாய் சொன்ன மாதிரி. வெளியே போய் அந்தம்மாவைப் பார்க்காமல் இருந்துவிடலாம், ஊர் வேறு, தெரு வேறு. யூனுஸ் யார். ஒரே பிளாக்கில் படுத்த ஆள். அவ்வளவுதானே. விசாரணைக் கைதி, இன்றைக்கு இருப்பான் நாளைக்குப் போவான். போவான் என்றால் எங்கே போவான். அங்கேதான் முட்டுகிறது. எத்தனை தடவை சுற்றினாலும் அதே இடத்தில் வந்து முட்டுகிறது.

“வெயிலு ஏறுது” என்றார் காசிலிங்கம். “இன்னிக்கு எம்மவன் மனுப் பாக்க வாரான். கண்ணாடி வந்தா அவன் மூஞ்சியப் பாக்கலாம். போன மாசம் வந்தவன் அவன்தானான்னே எனக்குத் தெரியல. குரலு அவன் குரலுதான்.” ஷூ சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. பினாயில் வாசனை, அதற்கு மேலே ஐயாவின் சோப்பு வாசனை. நிறுத்தம். நடை. நிறுத்தம். நடை. பல்வலி, வீட்டுக் கடிதம் வரவில்லை, வேறு பிளாக்குக்கு மாற்றுங்கள். அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை, வேகமாக வந்துவிட்டார்கள். இன்னும் வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்துவிட்டார்கள். “என்ன பெரியவரே?” கண்ணாடிய்யா. “போன தடவ குடுத்தோமே?” அது போர்வைய்யா. ஐயா சிரித்தார், ஞானமுத்து தலையைத் தொங்கப்போட்டார், சீஃப்கூட உதட்டை லேசாக அசைத்தார். அந்தச் சிரிப்புக்குள்ளே சேர்மத்துரையின் கை இடுப்புக்குப் போய்விட்டது. போனதை அவன் பார்த்தான். யாரோ ஒரு ஆளின் கை போவதைப் பார்க்கிற மாதிரி. தாள் தோலைவிட்டு உரிந்து வந்தது.

சீஃப் கண் தாளுக்கு வந்தது. கால் ஒரு எட்டு முன்னே வந்தது. “என்னலே அது, முன்னாடியே சொல்லல்ல?” சேர்மத்துரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. இடது உள்ளங்கையை ஐயாவுக்கு நேராக நீட்டிக்கொண்டே நின்றான். ஐயா வாங்கினார். படித்தார். முகம் மாறாமல் முழுசாகப் படித்தார், கடைசி வரிக்கு வந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மீதி அங்கே இருக்கும் என்று நினைத்தவர் மாதிரி.

“இது யாருக்காக?”

“யூனுசுக்குய்யா.”

“அவன் உனக்கு யாரு?”

“யாருமில்லய்யா.”

“அடுத்தவனுக்காக ஒரு கைதி மனு குடுக்க முடியாது. அவனுக்குக் குறை இருந்தா அவன் குடுப்பான். தெரியுமில்ல?” திருப்பி நீட்டினார். “இத ஏத்துக்க முடியாது. வச்சுக்க.”

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. மன்னிச்சிருங்கய்யா என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது, பழகின நாய் வாசலுக்கு வருவது மாதிரி வந்து நின்றது. அதை உள்ளேயே பிடித்துக்கொண்டான். பிறகு வந்தது வேறு குரல். “முடியாதுன்னு எழுதிக் குடுங்கய்யா.”

சூப்ரண்டு ஐயா அவனைப் பார்த்தார். கோபமாக இல்லை, இந்த ஆளை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி. “என்ன சொன்ன?” “ஏத்துக்க முடியாதுன்னு எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கய்யா. நகலு இருக்கு.” இரண்டாவது தாளை நீட்டினான். சீஃப் குனிந்து ஐயா காதுப் பக்கம், “ஐயா, வேண்டாம்யா, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அந்தக் கையெழுத்து எங்கே போகும் என்று சீஃபுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால், வேண்டாம் என்று தன் கீழே இருக்கிறவர் சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை சூப்ரண்டு ஐயா. “ஏன்? எனக்கென்ன பயமா?” என்று பேனாவை எடுத்தார். ஞானமுத்துவின் முதுகில் தாளை வைத்து எழுதினார். ஞானமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார், கண் மட்டும் சேர்மத்துரையைப் பார்த்தது. ‘பிற கைதி சார்பான புகார். ஏற்க இயலாது.’ கையெழுத்து. தேதி. தாளைக் கொடுத்துவிட்டு, அந்த மெதுவான குரலிலேயே கேட்டார். “முன்விடுதலைக்கு உன் பேர் இருக்கில்ல?”

“இருக்குய்யா.”

“இருந்துச்சு” என்றார் ஐயா. அடுத்த ஆளிடம் போனார்.

அன்னத்தாய். ஒரு கணம் அவள் முகம், கம்பிக்கு அந்தப் பக்கம், வாயைத் திறந்து ஏதோ சொல்கிற மாதிரி. சத்தம் இல்லை. சுவரில் சாய்ந்தான். சீஃப் வரிசை முடிகிற வரைக்கும் ஐயாவோடு போயாக வேண்டும், முடிந்ததும் வருவார். அவ்வளவு நேரம்தான். “பெரியவரே” என்றான், உதடு அசையாமல். அவனுக்கும் அந்த வித்தை வந்துவிட்டிருந்தது. “மனுப் பாக்கப் போற இடத்துல மத்தியானம் மெர்லின்னு ஒரு வக்கீலம்மா வரும். இத அது கையில குடுத்துரணும். வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது.” காசிலிங்கம் தாளைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. “என்ன எழுதிருக்கு?” “முடியாதுன்னு எழுதிருக்கு.” “முடியாதுன்னா அப்புறம் எதுக்குடே அது?” “அதுதான் பெரியவரே வேணும். முடியாதுங்கறதுதான் வேணும்.” பெரியவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வெயிலில் நின்று புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தார். பிறகு தாளைச் சின்னதாக மடித்துக் கோவணத்துக்குள் செருகிக்கொண்டார். “எம்மேல கை வைக்க மாட்டானுவ. நாத்தம் பிடிச்ச கெழவன்னு தள்ளி நிப்பானுவ” என்றார்.

வரிசை கலைந்தபோது சீஃப் வந்தார். இருமினார். மூக்கால் இழுத்தார். “வா” என்றார். எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. அவன் டிரவுசர் மடிப்பைத் தடவிப் பார்த்தார்கள், சட்டையை உதறினார்கள், ஒன்றும் இல்லை. சேர்மத்துரை நடந்தான். இத்தனை நாளாக ஓட்டையும் காக்கையையும் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு இப்போது அவனையே கூட்டிக்கொண்டு போகிறார்கள். பயம் இருந்தது, உள்ளங்காலில்தான் இருந்தது, ஒவ்வொரு எட்டுக்கும் கூசியது. ஆனால் அதற்கு மேலே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இருக்கிறானா, இல்லையா. அது ஒன்றுதான். காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த எதுவும் இப்போது இல்லை, அன்னத்தாய் இல்லை, விடுதலை இல்லை. கால் அவனை அறியாமல் வேகமாகப் போனது, சீஃபையும் தாண்டிப் போனது. “மெதுவாப் போலே. கல்யாணத்துக்கா போற?” என்று பின்னால் கேட்டது. உள்ளே இருட்டாக இருந்தது, வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. முதல் கதவுக்குள் யாரும் இல்லை. அடுத்த கதவுக்குள் தரை கழுவிவிட்டு ஈரமாகக் கிடந்தது. எதற்குக் கழுவினார்கள். “யூனுசு” என்றான். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. “ஏ யூனுசு!” சீஃப் முதுகில் கை வைத்துத் தள்ளினார், அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கைமேல் ஒரு அடி விழுந்தது. விடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான்.

கோடியில் இருந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துணியை இழுக்கிற சத்தம். ஆள் எழுந்திருக்கவில்லை, தவழ்ந்து வருகிற சத்தம். பிறகு ஒரு குரல், எவனுடைய குரலும் இல்லாத குரல், கரகரத்து, அடியில் எங்கேயோ அவனுடையது.

“யாரு? சேர்மண்ணாச்சியா?”

“நாந்தாம்டே.”

யூனுஸ் அழுகிறானோ என்று சேர்மத்துரை காதைக் கூராக்கினான். அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“நீங்களும் உள்ள வந்துட்டா” என்றான் யூனுஸ், “வெளிய யாரு அண்ணாச்சி இருக்கா?”

சேர்மத்துரை பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கதவு திறந்தது, பின்னாலிருந்து தள்ளினார்கள், ஈரத் தரையில் முகங்குப்புற விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே, கதவு சாத்துவதற்குள் கேட்க வேண்டும் என்று, சத்தமாகச் சொன்னான்.

“ஒரு ஆளு இருக்காருடே. கண்ணுதான் தெரியாது.”